இலையின் அடிப்பக்கம்

ஓர் இலையின் மேல்பக்கம் ஓர் ஆபீஸுக்கும் அடிப்பக்கம் வேறோர் ஆபீஸுக்கும் சொந்தம் என்பது முன்னாலேயே தெரிந்திருந்தால், நடராஜன் அந்த இலையைத் திருப்பிப் பார்த்திருக்கவே மாட்டான். களை எடுக்கிறவன் கை சும்மா இருக்காது. திருப்பிவிட்டான்.

அது டாலிகஞ்சில் டிராம் தண்டவாளம் முடிகிற இடத்துக்குத் தெற்கே இருந்த அயற்பயிர் அபிவிருத்திச் சபையின் தோட்டம். கல்கத்தாதான் இந்தியாவுக்கே தலைநகரமாக இருந்த காலம். ஆகையால் ஊரில் ஆபீஸுக்குக் குறைச்சல் இல்லை. இந்தச் சபைக்கு இருந்ததெல்லாம் ஒரே வேலை. சீனத்திலும் ஜப்பானிலும் விளைகிற சோயா மொச்சையை வங்காளத்து மண்ணில் விளைவித்து, அது அமோகமாக விளைகிறது என்று சொல்ல வேண்டும். விளைவிப்பது நடராஜனையும் மற்றக் கூலிக்காரர்களையும் சேர்ந்தது. சொல்வது தோட்டத்துக்கு அதிகாரியான விதர்பி துரையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஹெட்கிளார்க் சுந்தரேசன் உட்கார்ந்திருந்தார்.

நடராஜன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ரயில் பாதை போடுகிற கும்பலோடு வடக்கே வந்து, சாந்த்ராகாச்சியில் மண் சுமந்து, பாதை முடிந்ததும் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வேலை தேடி வந்தவன். சுந்தரேசன் கும்பகோணத்துக்காரர். தமிழ் பேசுகிறவன் என்பதற்காகவே இவனைச் சேர்த்துக்கொண்டார். நாள் முழுவதும் இங்கிலீஷில் திட்டு வாங்குகிற மனிதருக்குத் தமிழில் திட்ட ஓர் ஆள் வேண்டாமா?

ஆவணி மாதத்து மழை விட்டிருந்த ஒரு காலையில்தான் அந்த இலை திரும்பியது. மேலே பார்த்தால் ஊசி குத்தினாற்போல மஞ்சள் புள்ளிகள். பெரிதாக ஒன்றும் இல்லை. அடியில் பார்த்தால் சின்னச் சின்னக் கொப்புளங்கள். விரலால் தடவினான். செங்கல்லை உரசினது மாதிரி ஒரு பொடி கையோடு வந்தது. குனிந்து வேட்டியைப் பார்த்தான். முழங்கால் வரை அதே நிறம். எத்தனை நாளாக இந்தப் பொடியைத் துடைத்துக்கொண்டு நடக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

நேராக ஆபீஸுக்குப் போனான். "சாமி, எலைக்கு அடியில செங்கப்பொடி கணக்கா அப்பிக் கெடக்கு. தொட்டா கையில ஒட்டுது."

சுந்தரேசன் பேனாவைக் கீழே வைத்தார். "அடியிலேயா? யாரைக் கேட்டுண்டுடா அடியிலே பார்த்தே?"

பிறகு பொறுமையாக விளக்கினார். சபையைப் பயிர்ப் பிரிவு, நோய்ப் பிரிவு என்று இரண்டாக்கியபோது, இலை யாருக்கு என்று ஒரு வழக்கு எழுந்ததாம். சிம்லா வரைக்கும் போயிற்றாம். வெயில் விழுகிற மேல்பக்கம் வளர்ச்சியைச் சேர்ந்தது, ஆகவே அது பயிர்ப் பிரிவுக்கு. நோய் ஒளிந்துகொள்கிற அடிப்பக்கம் நோய்ப் பிரிவுக்கு என்று அங்கே தீர்ப்பாயிற்று. இரண்டு தரப்புக்கும் பரம திருப்தி. நோய்ப் பிரிவுக்குப் பெஹாலாவில் கட்டடம் இருக்கிறது, பலகை இருக்கிறது, வாசலில் சேவகனும் இருக்கிறான். அதற்கு நியமனமான துரை மட்டும் இன்னும் சீமையிலிருந்து கப்பல் ஏறவில்லை. அவர் வந்து சேருகிறவரை இலையின் அடிப்பக்கம் திறக்கப்படாத ஆபீஸ் மாதிரி. யாரும் உள்ளே பார்க்கக்கூடாது.

"அப்ப அந்தத் தொரை வர்றவரைக்கும் இந்தப் பொடி என்ன சாமி பண்ணும்?"

"காத்துண்டிருக்கும்," என்றார் சுந்தரேசன்.

அது காத்திருக்கவில்லை. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போயிற்று. இலைகள் மஞ்சளடித்தன. இதில் காற்று வேறு சொன்னபடி கேட்கவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தால் தோட்டம் முழுக்க இலைகள் புரண்டு, அடிப்பக்கத்தைப் பட்டப்பகலில் காட்டின. ஒரு நாள் காலை உலாவ வந்த விதர்பி துரையே அதைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. அவர் சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு பங்களாவுக்குத் திரும்பினார். அதிகாரம் இல்லாத ஒன்றைப் பார்க்க நேர்ந்ததற்கு வருந்துவதாக அன்றைக்கே பெஹாலாவுக்கு எழுதினார். அங்கே படிக்க ஆள் இல்லை.

மறுநாள் தோட்டத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. காற்று உள்ளே வராவிட்டால் இலை புரளாது. நடராஜனும் மற்றவர்களும் ஆள் உயரத்துக்கு மேல் தட்டி கட்டினார்கள். குனிந்து களை எடுக்கிறவன் கண்ணில் அடிப்பக்கம் பட்டுவிடுகிறது என்பதால், களைக்கொத்திக்கெல்லாம் நீளமான காம்பு போட்டு, இனி நின்றபடியே, நேரே பார்த்தபடியே களை எடுக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அன்று வெட்டுப்பட்டதில் களை எது, பயிர் எது என்று யாரும் விசாரிக்கவில்லை.

தட்டி கட்டிய பிறகு உள்ளே இட்லிப் பானை மாதிரி புழுங்கியது. காலைப் பனி உச்சிப் பொழுது வரைக்கும் இலையிலேயே நின்றது. பொடிக்கு அதுதான் பிடித்தமோ என்னவோ, அதற்கப்புறம் அது கணக்கு வழக்கில்லாமல் பெருகிற்று.

தோட்டத்துக்கு மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம், கிரிபாலாவின் கொல்லை. கிரிபாலாவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, ஓர் ஆட்டோடும் ஓர் அவரைப் பந்தலோடும் தனியாக இருந்தாள். குளிர்காலம் முழுவதும் அந்த அவரைக்காயைப் பறித்து டாலிகஞ்ச் சந்தையில் விற்றால்தான் அவளுக்கு மற்ற மாதங்களில் சோறு. நடுப்பகலில் அவள் தட்டியைக் கொஞ்சம் விலக்கி வேலி வழியாக ஒரு கிண்ணம் பொரியும் ஒரு செம்புத் தண்ணீரும் நீட்டுவாள். அவளை நடராஜன், அந்த ஊர் வழக்கப்படி அக்கா என்கிற அர்த்தத்தில், 'திதி' என்பான். அவள் இவனை, மதராஸ்காரன் என்பதால், 'மாத்ராஜி' என்பாள். தெற்கேயிருந்து வந்தவனுக்கு அதற்கு மேல் பெயர் எதற்கு என்று அந்த ஊரில் எல்லாருக்குமே ஓர் எண்ணம். ஆனால் அவள் சொன்னால் அது பெயர் மாதிரியே இருக்கும்.

தின்ற பொரிக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை. வாய்ப்பு வந்தது.

பூஜை விடுமுறைக்கு முன்னால் சபைத் தலைவர் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும், மஞ்சளடித்த இலை அத்தனையையும் கிள்ளிவிடச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறபோது வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரிதான். கிள்ளினார்கள். கிள்ளியது மலையாகக் குவிந்தது. அதை எரிக்கக்கூடாது, புகை பங்களாவுக்குப் போகும். புதைக்கவும் கூடாது, மண்ணுக்குள் எதைப் போட்டாலும் அது விதைப்புக் கணக்கில் ஏறிவிடும். உள்ளேயும் வைத்திருக்கக்கூடாது.

"எங்கேயாவது கொண்டு போய்த் தொலைடா," என்றார் சுந்தரேசன். "எங்கேன்னு என்கிட்டச் சொல்லாதே. சொன்னா நேக்குத் தெரிஞ்சுடும்."

நடராஜன் தட்டியையும் வேலியையும் விலக்கி, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு திட்டி வைத்தான். ஊரில் வயலுக்குத் தழை மிதிக்கிற பழக்கம்தான் அவனுக்குத் தெரியும். தழை என்றால் எரு, எரு என்றால் நல்லது. கூடை கூடையாக அந்தப் பக்கம் கொண்டு போய், அவரைக் கொடிகளின் அடியில் பரப்பி, தன் கையாலேயே மண்ணோடு சேர்த்து அமுக்கிவிட்டான். அவன் முழங்கை வரைக்கும் பொடி. கொடிகளைத் தூக்கிக் கட்டியபோது அது அவற்றின் மேலும் ஒட்டியிருக்கும். கிரிபாலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "சர்க்கார் இலை! என் கொடிக்கு இனிமேல் கர்வம் வந்துடும், மாத்ராஜி," என்று சிரித்தாள். அன்றைக்குப் பொரியில் தேங்காய்ச் சில்லும் சேர்ந்து வந்தது.

திட்டியைத் தேங்காய் நாரால் தற்காலிகமாகக் கட்டிவிட்டு அவன் இந்தப் பக்கம் வந்தான்.

தலைவர் வந்தார். செடிகள் உச்சியில் ஒரு கொத்து இலையோடு, மொட்டையடித்துக் குடுமி மட்டும் வைத்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. அவர் தோட்டத்து ஓரமாக மேடை போட்டு, அதன் மேல் நின்று பேசினார். சுந்தரேசன் பிற்பாடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமிழில் சொன்னபடி, அந்தப் பேச்சு இது:

"மற்ற தேசங்களில் சோயாச் செடி தன் சக்தியை இலையில் விரயம் செய்கிறது. நமது செடியோ இலையைத் துறந்து, காயிலேயே கவனமாக இருக்கிறது. இது நமது நிர்வாகத்தின் பயிற்சி. இந்தப் பயிரை நான் முழுவதும் பார்த்தேன். அதாவது, மேலேயிருந்து பார்த்தேன். ஒரு நிர்வாகி பார்க்க வேண்டிய இடம் அதுதான். குனிந்து பார்த்திருந்தால் எனக்கு இத்தனை நம்பிக்கை ஏற்பட்டிருக்காது. இவ்வருஷ விளைச்சல் அபாரம் என்று இப்பொழுதே அறிவிக்கிறேன். அறுவடைக்குப் பிறகு அறிவிப்பது எவராலும் முடியும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நடராஜனும் தட்டினான். தட்டியபோது உள்ளங்கையிலிருந்து பொடி பறந்தது.

பூஜை முடிந்து அறுவடை. காயெல்லாம் தட்டை. பிதுக்கினால் மிளகு அளவுக்கு ஒரு பருப்பு, அதுவும் சுருங்கிப் போய். பாதிச் செடியில் அதுவும் இல்லை. இலை இல்லாத செடி எதைத் தின்று காயை வளர்க்கும்? விளைச்சலை அளக்கத் தைத்து வைத்திருந்த கோணிகள் மடித்தது மடித்தபடியே கிடந்தன.

விதர்பி துரைக்குக் கோபம். விளைச்சல் அபாரம் என்று தலைவர் சொன்ன பிறகு அது குறைந்தது மேலதிகாரியை எதிர்த்த குற்றம். இதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றார். அந்தக் காரணம் தோட்டத்துக்குள் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். சுந்தரேசன் சாப்பாடு தூக்கம் இல்லாமல் காரணம் தேட ஆரம்பித்தார்.

காளி பூஜை கழிந்து சில நாளில் கிரிபாலா வேலியோரம் நின்று கூப்பிட்டாள். கையில் ஓர் அவரை இலை. அவளுக்குச் சிம்லாத் தீர்ப்பு தெரியாது. இலையைத் திருப்பியே பிடித்திருந்தாள்.

"மாத்ராஜி, இதைப் பார். பூவெல்லாம் உதிர்ந்துடுது. இலைக்குக் கீழே துருப் பிடிச்ச மாதிரி என்னமோ வந்திருக்கு. உங்க ஸாஹேபுக்கு இலை வைத்தியம் தெரியுமாமே, கொண்டு போய்க் காட்டேன்."

நடராஜன் இலையை வாங்கினான். தடவிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் தடவினான். அதே பொடி. எந்தக் கொடி, எந்தக் கூடை என்பதுகூட அவனுக்கு நினைவுக்கு வந்தது. தான் அமுக்கிவிட்ட மூலையில்தான் பந்தல் முதலில் வெளிறியிருந்தது.

"காட்டறேன் திதி," என்றான். மருந்து கிடைத்துவிட்டால் கொடி பிழைத்துவிடும். கொடி பிழைத்துவிட்டால் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. அப்படித்தான் நினைத்தான். அன்று அவள் நீட்டிய பொரியை, வயிறு சரியில்லை என்று சொல்லி வாங்கிக்கொள்ளவில்லை.

ஈரத் துணியில் சுற்றி ஆபீஸுக்குக் கொண்டு போனான். சுந்தரேசன் இலையைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே கேட்டார்: "இது நம்ம இலையாடா?"

"இல்லீங்க சாமி. வேலிக்கு அந்தாண்ட, திதியோட அவரை."

சுந்தரேசன் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து இலை என்றால் அதற்கு மேல்பக்கமும் கிடையாது, அடிப்பக்கமும் கிடையாது. யாருக்கும் சொந்தமில்லாத இலை. எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம். தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக அவர் ஓர் இலையைத் திருப்பினார். அப்படியே துரை அறைக்கு ஓடினார். சுருட்டுப் பற்ற வைக்க மட்டுமே பயன்பட்டுவந்த பூதக்கண்ணாடியை விதர்பி துரை துடைத்து எடுத்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். காரணம் கிடைத்துவிட்டது.

சர்க்கார் பயிரின் விளைச்சலைக் கெடுத்தது அடுத்த கொல்லை அவரை. சர்க்கார் பயிரைக் காப்பாற்ற அந்தக் கொடிகளை உடனே கொளுத்த வேண்டும். காப்பாற்றப்பட வேண்டிய பயிர் அறுவடையாகி, கட்டைகூடப் பிடுங்கியாகிவிட்டது என்பதை யாரும் நினைவூட்டவில்லை. நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்த நடராஜனுக்கு 'இலைக் காவலன்' என்று பொறித்த ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. கொளுத்துகிற கௌரவமும் அவனுக்கே.

அவன் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு சுந்தரேசன் மேஜை முன்னால் நின்றான்.

"சாமி, அது இங்கேருந்து போனது. நான்தான் கூடையில அள்ளிக்கிட்டுப் போயி அவ கொடியடியில கொட்டுனேன்."

சுந்தரேசன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நடராஜா, நன்னா யோசிச்சுச் சொல்லு. நம்ம தோட்டத்திலே நோய் உண்டோ?"

"உண்டு சாமி."

"தலைவர் வந்து பார்த்துட்டு இல்லைன்னுட்டுப் போயிருக்கார். இல்லாத நோய் வேலி தாண்டுமோ?"

நடராஜன் கையிலிருந்த வில்லையைத் திருப்பிப் பார்த்தான்.

"சரி, தாண்டித்துன்னே வெச்சுப்போம். சர்க்கார் இலையை யாரைக் கேட்டுண்டு வெளியே கொண்டு போனே? நான் சொன்னேனோ? எங்கேயோ தொலைன்னேன். எங்கேன்னு சொன்னேனோ?" அவர் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். "நேக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்கறாடா. ஊர்லே உன் ஆம்படையாளும் உன்னை நம்பித்தான் இருக்கா. போ. பந்தல் பக்கம் நெருப்பு போகாம பார்த்துக்கோ. பாவம்."

அந்தப் 'பாவம்' யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நடராஜன் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு போனான்.

கிரிபாலா அழவில்லை. முற்றாத பிஞ்சுகளை மடியில் பறித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். உத்தரவு வந்திருந்தது, போலீஸ்காரன் ஒருவன் வந்து சொல்லிவிட்டும் போயிருந்தான். நடராஜனைக் கண்டதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"நீ கொண்டு போய்க் காட்டினதாலேதான் ஸாஹேப் பார்த்தார்," என்றாள். "இல்லாட்டா என் கொடியை யார் பார்க்கப் போறாங்க? நெருப்பு வைக்கிறவனும் நீயா இருக்கிறது நல்லதாப் போச்சு. வேற எவனாவது வந்திருந்தா பந்தலையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பான்."

அவன் கொடிகளைப் பந்தலிலிருந்து இறக்கி, ஒரு மூங்கில்கூடக் கருகாமல் கொளுத்தினான். அத்தனை சிரத்தையாக அவன் வாழ்க்கையில் எந்த வேலையையும் செய்ததில்லை. போகிறபோது அவள் ஒரு பிடி பிஞ்சை அவன் துண்டில் முடிந்துவிட்டாள். குடிசைக்குப் போய் உப்புப் போட்டு வேகவைத்தான். தட்டில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் தின்றான். அவள் கொடுத்ததைக் கொட்டினோம் என்று இன்னொரு பழியும் சேரவேண்டாம் என்று தின்றான்.

குளிர்காலத்தில் அவள் ஆட்டை விற்றாள். சித்திரையில், அவன் கருகாமல் காத்த மூங்கில்களை விற்றாள். பொரி வருவது நின்றது. இவன்தான் வேலி வழியாக எதையாவது நீட்டினான். எதற்கு இவன் இப்படிக் கரிசனப்படுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. நல்ல ஆள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்கு மறுபடி சோயா விதைத்தார்கள். பெஹாலாவுக்கு நோய்ப் பிரிவுத் துரை வந்தே சேர்ந்துவிட்டார். அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் இலையைத் திருப்ப வேண்டும், திருப்ப வேண்டுமானால் மேல்பக்கத்தில் விரல் பட வேண்டும், மேல்பக்கம் தன்னுடையது அல்ல என்று ஒரு வாரத்தில் கண்டுகொண்டார். அனுமதி கேட்டு எழுதிவிட்டு, பதில் வரும்வரை டார்ஜிலிங்கில் தங்கப் போய்விட்டார்.

பொடி அவருக்காகவும் காத்திருக்கவில்லை. தலைவர் வருகிற நாளும் வந்தது. இலை கிள்ள ஆள் போதவில்லை. அப்போதுதான் கிரிபாலா கூலிக்கு வந்து நின்றாள். கொல்லையில் ஒன்றும் இல்லாதவள் வேறெங்கே போவாள்? இலையை மேலே மட்டும் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சுந்தரேசன் சேர்த்துக்கொண்டார்.

அவளும் முதல் செடியில் முதல் இலையைக் கிள்ளினாள். அவரை பறித்துப் பழகிய கை; தானாகத் திருப்பிவிட்டது.

சற்றுத் தள்ளி நின்ற நடராஜன் அதைப் பார்த்தான். அவள் விரலால் தடவினாள். விரலைப் பார்த்தாள். பிறகு வேலியைப் பார்த்தாள். தேங்காய் நாரால் கட்டிய திட்டி இன்னும் அப்படியே இருந்தது. அடுத்த இலையைக் கிள்ளினாள். கூடை நிரம்புகிறவரை நிமிரவில்லை. நிரம்பியதும் அவனிடம் கொண்டு வந்து வைத்தாள்.

"இதை எங்கே கொட்டறது, மாத்ராஜி?"

வாசலில் தலைவரின் பீட்டன் வண்டி வந்து நின்றுவிட்டது. தாழ்வாரத்திலிருந்து சுந்தரேசன் இரண்டு கையையும் ஆட்டினார்: கொண்டு போ, கொண்டு போ. நடராஜன் கூடையைத் தலைக்கு ஏற்றினான். கால்கள் பழகின வழியாகத் திட்டிப் பக்கம் நடந்தன. நார் முடிச்சில் கை வைத்தவன், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். வெறும் கொல்லையின் ஒரு மூலையில், நட்ட குச்சி ஒன்றின் அடியில், ஓர் அவரை முளைத்து இரண்டே இலை விட்டிருந்தது.

அவன் திரும்பித் தாழ்வாரத்துக்கு நடந்தான். வேண்டுமென்று செய்தாயா, கை தளர்ந்ததா என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். அவனுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தலைவரும் விதர்பி துரையும் படியேற வந்த இடத்தில், அவர்கள் காலடியில், கூடை கவிழ்ந்தது. படி நிறைய இலை. முக்கால்வாசி இலை அடிப்பக்கம் மேலாக விழுந்தது.

தலைவர், துரை, சுந்தரேசன் மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"மேகம் நன்றாக இருக்கிறது," என்றார் தலைவர்.

மிக நன்றாக இருப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். ஆனால் கீழே பார்க்காமல் படியேற முடியாது. அதிகாரம் இல்லாமல் கீழே பார்க்கவும் முடியாது. ஆகவே இலைகளையெல்லாம் மேல்பக்கம் மேலாகத் திருப்பி வைக்கும்படி உத்தரவாயிற்று. நடராஜன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தான். கிரிபாலாவும் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர்கள் தலைக்கு மேல் மழை வருமா வராதா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"போன வருஷமும் இதுதானா?" என்றாள், குரலை உயர்த்தாமல்.

"ஆமாம் திதி."

"நீயா கொட்டினது?"

"நான்தான்."

"நெருப்பு வைக்க வந்தபோது தெரியுமா?"

"தெரியும்."

பிறகு, அவன் திருப்பி வைத்திருந்த இலை ஒன்றை எடுத்து, மறுபடி அடிப்பக்கம் மேலாக்கி, அவன் முன்னால் வைத்தாள். அடுத்ததையும் அப்படியே வைத்தாள். அதற்கடுத்ததையும். அவன் திருப்பி வைக்க வைக்க அவள் கவிழ்த்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் நடராஜன் கையை எடுத்துவிட்டான்.

"ஆச்சாடா?" என்று ஆகாயத்தைப் பார்த்தபடியே கேட்டார் சுந்தரேசன். அவருக்குக் கழுத்து வலித்திருக்க வேண்டும்.

நடராஜன் தன் முன்னால் பரப்பியிருந்த இலைகளைப் பார்த்தான்.

"இன்னும் இல்லீங்க சாமி," என்றான்.